தனக்கோடியிடம் இருக்கும் சாவி

அம்புஜத்துக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் வழக்கம் கிடையாது. மாடி வீட்டில் குடியிருப்பவள் துணி காயப்போட வெளியே வந்துதான் ஆகவேண்டும். வந்தால் தெரு தெரியத்தான் செய்யும். கண்ணை மூடிக்கொண்டா கொடியில் கிளிப் மாட்ட முடியும்? அன்று காலையும் ஈரப் போர்வையை உதறிக்கொண்டிருந்தபோதுதான், நீலசந்திராவின் அந்த ஒருவழிச் சந்துக்குள் ஒரு வெள்ளைக் கார் எதிர்ப்பக்கமாக நுழைவதைக் கண்டாள். இது இடிக்கும் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் இடித்துவிட்டது. மொபெட்டோடு சாய்ந்தவன் எதிர்வீட்டு கோவிந்தப்பா. வேலைக்கு எடுத்துப்போன பெயிண்ட் டப்பா கவிழ்ந்து சந்து முழுக்க இளம்பச்சையாக ஓடியது. அவனுடைய வலது கால் மட்டும், ஒரு கால் போகக்கூடாத பக்கமாகப் போயிருந்தது.

அந்தச் சந்தில் விபத்துக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் வண்டிச் சாவியைப் பிடுங்க வேண்டும். அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுப்பதெல்லாம் அப்புறம். சாவி கைக்கு வந்ததும் வாட்டர் கேன் கடை முனிகிருஷ்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வருவார். இரண்டு பக்கமும் நியாயம் கேட்டு, ஒரு தொகை பேசி, சாவியைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார். கார் கண்ணுக்கு மறைகிறவரை எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். எக்ஸ்ரேவும் ஊசியும் முடிந்தபின் அந்தத் தொகையில் டீ குடிக்க மிஞ்சினால் அதிர்ஷ்டம். அம்புஜத்தின் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தியின் தோள்பட்டைகூட இப்படி 'செட்டில்' ஆன தோள்பட்டைதான். இன்றும் அவரால் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்க முடியாது, அல்லது முடியாதென்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோவிந்தப்பாவின் பெண்டாட்டி தனக்கோடி பிஜி ஹாஸ்டலில் சமையல் செய்பவள். கையில் கோதுமை மாவோடு ஓடிவந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கார் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை உருவினாள். அதுவரைக்கும் முறைப்படிதான். ஆனால் உருவிய சாவியை முனிகிருஷ்ணனிடம் கொடுக்காமல், தாலிச் சரட்டில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைத் திறந்து அதில் கோத்துப் பூட்டிக்கொண்டாள்.

காரிலிருந்து இறங்கியவன் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பையன். பெயர் ராஜேஷ்குமார் என்று அட்டையிலிருந்து படித்துக்கொண்டது அம்புஜம்தான். அதற்குள் அவள் கீழே இறங்கியிருந்தாள். பையன் முதலில் கன்னடத்தில், தெரியவில்லை என்ற அர்த்தத்தில், "சாரி, கொத்தாகில்லா" என்று தடுமாறினான். சுற்றிலும் கேட்ட வசவெல்லாம் தமிழில் இருப்பது உறைத்ததும் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"அக்கா, நானும் தமிழ்தானுங்க. நாமக்கல்லு. மேப்புல இந்த வழிதான் காட்டுச்சுங்க."

"மேப்பு காட்டும். சந்து மொனையில ஒரு போர்டு நிக்குதே, அது இன்னா காட்டுச்சு?"

"பாக்கலீங்க."

"தமிழ்ல எழுதி வெச்சிருந்தா பாத்திருப்பியா?"

முனிகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "பையன் நம்மாளு, தனக்கோடி. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. குடுக்கறத வாங்கிக்கினு சாவியக் குடுத்துரு."

"ரூபா வேணாண்ணா. அது எக்ஸ்ரே எடுக்கறதுக்குள்ள தீந்துபூடும். இந்தாளு கால் மறுபடி எப்ப ஏணி ஏறுதோ அப்ப காரு இவனுது. அதுவரைக்கும் காரு இங்கதான் நிக்கும். எங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் இட்டுக்கினு வர்றது இவன் வேலை." பையனைப் பார்த்தாள். "போலீசுக்குப் போலாம்னா சொல்லு, அதுக்கும் உன் காருலயே போலாம்."

ஒருவழியில் எதிரே வந்தவன் போலீஸை எங்கே கூப்பிடுவான்? தலையை ஆட்டினான். கூட்டம் சிரித்தது. இரண்டு தடவைக்கு மேல் தாண்டாது இந்தக் கூத்து என்று முனிகிருஷ்ணன் சாபம்போலச் சொன்னார். கோவிந்தப்பாவைப் பின் இருக்கையில் படுக்கவைத்தார்கள். தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அம்புஜமும் ஏறிக்கொண்டாள். தலையில் அடியில்லை, இருந்தாலும்.

முதலில் போனது ஓசூர் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு. அங்கே காலைப் பார்ப்பதற்கு முன் இன்சூரன்ஸ் கார்டு கேட்டார்கள். முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது, கம்பி வைக்க வேண்டும் என்று சொன்ன பிறகு, கவுன்ட்டரில் இருந்த பெண் கல்யாண மண்டபத்து மேனேஜர் மாதிரி ஒரு வழவழப்பான தாளை நீட்டினாள். ஜெனரல் வார்டு என்றால் ஒரு பேக்கேஜ், ஏசி ரூம் என்றால் வேறு, டீலக்ஸ் என்றால் அதற்கும் மேலே. அம்புஜம் எட்டிப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் சேர்த்துப் பார்க்காத சைபர்கள்.

"கால் ஒண்ணுதானேம்மா," என்றாள் தனக்கோடி. "ஏசியில படுத்தா கம்பியும் வெலை ஏறிக்குமா?"

"பேக்கேஜ் அப்படித்தான் மேடம்."

ராஜேஷ்குமார் முன்வந்து தன் கிரெடிட் கார்டை நீட்டினான். கார் கடனும் வீட்டு அட்வான்ஸும் ஏற்கெனவே அதைத் தின்றிருந்தன. மெஷின் கீச்சென்று மறுத்தது. கம்பெனி இன்சூரன்ஸ் அவனுடைய சொந்தக் கால்களுக்கு மட்டும்தான். பையனின் காது மடல் சிவந்ததை அம்புஜம் கவனித்தாள். தனக்கோடி தாளை நான்காக மடித்து அந்தப் பெண்ணிடமே திருப்பித் தந்தாள். "அழகாக் கீதும்மா. வெச்சுக்கோ. நாங்க கவர்மென்ட்டுக்குப் போறோம்."

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் தாழ்வாரத்தில் பாய் போட்டு, முறை வரக் காத்திருந்து, ஒருவழியாக ஆபரேஷன் நடந்தது. வெளியே வாங்கச் சொன்ன மருந்துக்கெல்லாம் வரிசையில் நின்றது பையன். கம்பி நன்றாகவே உட்கார்ந்தது. ஆனால் டாக்டர் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து முழங்காலை மடக்கிப் பழக வேண்டும். விட்டால் கால் கட்டையாக நின்றுவிடும். கட்டைக் காலோடு நடக்கலாம், உட்காரலாம், வாழலாம். ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாத பெயிண்டருக்கு நீலசந்திராவில் வேலை ஏது? ஆட்டோக்காரர்கள் சந்தின் பெயரைக் கேட்டதும் மீட்டர் தொகைக்கு மேல் இன்னொரு மீட்டர் கேட்டார்கள். ஆக கோவிந்தப்பாவின் கால் மடங்குவதும் மடங்காததும் அந்த வெள்ளைக் காரில்தான் இருந்தது. கார் தனக்கோடியின் தாலிச் சரட்டில் இருந்தது.

பையன் வந்தான். அதுதான் சந்துக்கு ஆச்சரியம். மெட்ரோவில் பாதி தூரம், நடையில் மீதி என்று காலையிலேயே வந்து நிற்பான். தனக்கோடி ஊக்கைத் திறந்து சாவியைத் தருவாள். திரும்பி வந்ததும் கையை நீட்டுவாள், தருவான். அவன் போய் கம்பெனி வேலையைப் பார்ப்பான். கார் கோவிந்தப்பா வீட்டு வாசலில் நிற்கும். அதன் பானெட்டில் அக்கம்பக்கத்துப் பூனைகள் குடியேறின.

ஒருநாள், தனக்குச் சுகர் பார்க்க வேண்டும் என்று சொல்லி அம்புஜமும் கூடப் போனாள். சுகர் போன மாதம்தான் பார்த்திருந்தாள். முன் இருக்கையில் தனக்கோடி. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் காரை ஓட்டியது அவள்தான்.

"ஹாரன் இன்னாத்துக்கு? முன்னாடி கீறவன் பறந்து போவானா? ஹம்ப்பு வருது, மெதுவா. அந்தாளு கால் குலுங்குது பாரு. அந்தம்மா ரோட்ட தாண்டட்டும், நில்லு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து தாண்டிக்கினு கீறாங்க, அவங்களுக்கும் அவசரம் கீது."

"சரிங்க்கா."

ஆடுகோடி சிக்னல் தாண்டியதும் எதிர்ப்பக்கமாக ஒரு பைக் முகத்துக்கு நேரே வந்தது. ராஜேஷ்குமார் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ஒன்வேல வர்றியே, அறிவிருக்காய்யா?" என்று கத்தினான். கத்திய பிறகுதான் தன் குரல் அவனுக்கே கேட்டது. பின் இருக்கையில் தலையணைமேல் கால் நீட்டியிருந்த கோவிந்தப்பா முதலில் இருமினான். பிறகு சிரித்தான். சிரித்ததில் கால் வலித்து, "ஐயோ, வேணாம், வேணாம்" என்று தொடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தான். பையன் கழுத்துவரை சிவந்து, மிகுந்த மரியாதையோடு இண்டிகேட்டர் போட்டான்.

இதெல்லாம் சரி. அம்புஜத்தின் தொண்டையில் முள்ளாக மாட்டியது அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பார்த்ததுதான். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ராஜேஷ்குமார் சந்துக்குள் தனியாக வந்தான். தனக்கோடி ஹாஸ்டலில் இருக்கும் நேரம். பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். காரைத் திறந்தான். பின் இருக்கையிலிருந்து மறந்துபோன குடையை எடுத்தான். பூட்டினான். பூனையின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டான்.

அம்புஜத்தின் கையிலிருந்த ரவிக்கை அப்படியே நின்றது. அவனிடம் இன்னொரு சாவி இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் கார், ஒரே சாவிதான் என்று முனிகிருஷ்ணன் அடித்துச் சொல்லியிருந்தாரே! இவன் நினைத்திருந்தால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நாளைக்கும் போகலாம்.

அவள் வாழ்க்கையில் கிடைத்த ஆகப்பெரிய செய்தி அது. முனிகிருஷ்ணன் கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், விளக்கு வைப்பதற்குள் நீலசந்திரா முழுக்கப் பரவிவிடும். ஆனால் பரவினால்? ஆண்கள் கூடி டயர் காற்றைப் பிடுங்குவார்கள், பையன் பயந்து ஓடுவான், கால் கட்டையாகும். அம்புஜம் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதில் அவளுக்கு அஜீரணம் வந்தது. சோடா வாங்கிக் குடித்தாள். அடக்க மாட்டாமல் ஒருநாள் தனக்கோடியிடம் மட்டும் ஓரமாகத் தட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்த சாவி எங்கனா விழுந்து தொலைஞ்சா இன்னா பண்ணுவ?"

தனக்கோடி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "தொலைஞ்சா தொலையட்டும்க்கா. வர்றவன் வருவான்."

தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? இத்தனை வருஷம் தெரு முகங்களைப் படித்துப் பழகிய அம்புஜத்துக்கு அந்த முகத்தில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

பிறகொரு காலை அம்புஜம் வெளியே வந்தபோது வாசலில் கார் இல்லை. பூனைகள் மட்டும் காலி இடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அன்று ஆஸ்பத்திரி நாள். கோவிந்தப்பா கைத்தடியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான். தனக்கோடி பக்கத்தில் நின்றாள்; மார்பில் சாவி தொங்கியது.

"நான் அன்னிக்கே சொன்னனே," என்றார் முனிகிருஷ்ணன், கேனை உருட்டியபடி. "கட்டி இழுத்துக்கினு போயிருப்பான். கைக்கு வந்தத வாங்காம, பெரிய இவளாட்டம்..."

அம்புஜம் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருந்தால் யாராவது காவல் இருந்திருப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாயைக் கட்டினேன், அதற்கு இதுவா பலன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கோவிந்தப்பா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சந்தின் அந்தக் கோடியில், வரவேண்டிய பக்கத்தில், வெள்ளை மூக்கு தெரிந்தது. பெரிய தெருவைச் சுற்றிக்கொண்டு, இண்டிகேட்டர் மினுக்க, ஹாரனே அடிக்காமல் கார் வந்து வாசலில் நின்றது. ராஜேஷ்குமார் இறங்கினான். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"பின் டயருல காத்தே நிக்கலீங்க்கா. வெள்ளனே வந்து பஞ்சர் போட்டுட்டு வந்தனுங்க. கடைக்காரன் லேட் பண்ணிட்டான்."

சொல்லி முடித்த பிறகுதான் சந்து மொத்தமும் தன் வலது கையைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. கையில் சாவி இருந்தது. எல்லோர் கண்ணும் அந்தச் சாவியிலிருந்து தனக்கோடியின் மார்பில் தொங்கிய சாவிக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வந்தது. முனிகிருஷ்ணன் கையிலிருந்த கேன் தானாக உருண்டுபோனது. பையன் கையைப் பின்னால் மறைத்தான், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

தனக்கோடி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னா நின்னுக்கினு கீற? நேரமாச்சு. கதவத் தொற."

அவன் பின்கதவைத் திறந்தான். தலையணையை எடுக்கப் போனான். கோவிந்தப்பா வேண்டாமென்று கையை ஆட்டினான். சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, கைத்தடியை உள்ளே போட்டுவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டான். கால் கொஞ்சம் அசைந்து, நின்று, மறுபடி அசைந்து, முழங்காலில் மெல்ல மடங்கி உள்ளே போனது. யாரும் தொடவில்லை.

கார் நகர்ந்தது. பக்கத்துச் சந்தில் இடது பக்கம் திரும்பினால் மெயின் ரோடு கூப்பிடு தூரம்தான், ஆனால் அது எதிர்வழி. கார் நேராகவே போனது, சுற்றுவழியில். பின்னால் ஒரு ஆட்டோ பொறுமையில்லாமல் அலறியது. கொடியில் தொங்கிய போர்வையை விலக்கிக்கொண்டு, பாதி உடம்பு கம்பிக்கு வெளியே தொங்க, அம்புஜம் எட்டிப் பார்த்தாள். முன் ஜன்னலில் தனக்கோடியின் கை தெரிந்தது. மெதுவா, மெதுவா என்று காற்றை அழுத்திக்கொண்டிருந்தது. சந்து முனையில் இண்டிகேட்டர் மினுங்கி மினுங்கி, யாரோ ஒரு கிழவி ரோட்டைத் தாண்டி முடிக்கும்வரை அங்கேயே மினுங்கிக்கொண்டிருந்தது.