ரெண்டு கட்டிங்

சாம்சன் கத்திரிப் பாத்தியைத் தாண்டிக் குதித்தார். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. எடுக்க நேரமில்லை. ரோட்டில் காஞ்சிபுரம் பஸ் வந்து நிற்கும் சத்தம். ஆல்பர்ட் வாசலுக்குப் போவதற்குள் அவர் போயாக வேண்டும்.

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டிய அந்தக் குடிமீட்பு இல்லத்துக்கு அவர்தான் வார்டன். சரக்கு உள்ளே வந்தால், வரவழைத்தவன் அன்றே வெளியே. விதியை எழுதியவரும் அவரே. ஆல்பர்ட்டுக்கு இன்று ஐம்பத்தெட்டாவது நாள். தொண்ணூறு முடித்தால்தான் வீட்டுப் படி ஏற்றுவேன் என்று அவன் மனைவி செவ்வந்தி சொல்லியிருந்தாள்.

கால் மணி நேரம் முன்னால்தான் கோபால் வந்து வத்தி வைத்தான். அவனும் இல்லத்தில் இருப்பவன்தான்.

"சார், ஆல்பர்ட்டு நேத்து யாராண்டயோ போன்ல பேசிக்கினு இருந்தான். 'நாளைக்குக் காஞ்சிபுரம் பஸ்ல ரெண்டு கட்டிங் எடுத்துக்கினு வா, ஈரச் சாக்குல சுத்திக்க, வார்டன் கண்ல படாம'ன்னான்."

ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பிரித்தால், ஆளுக்கு ஒரு கட்டிங்.

"நல்லாக் கேட்டியா?"

"இருவது வருசமா என் வாய்ல வந்த வார்த்தை சார். அது தப்பாக் கேக்குமா?"

சாம்சன் மூச்சிரைக்க வாசலை அடைந்தபோது ஆல்பர்ட் அங்கே நின்றிருந்தான். எதிரே, இடுப்பில் நீளமாக ஒரு சாக்குப் பொட்டலத்துடன், செவ்வந்தி!

"அத்தக் குடும்மா."

"கீரை வெதை சார்."

"வெதையா? தண்ணி சொட்டுது!"

ஆல்பர்ட்டின் கை நடுங்கியது. முதல் வாரம் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத கை அது. மெல்ல மெல்ல நாற்று நடும் அளவுக்கு நிதானப்பட்டிருந்தது. இப்போது மறுபடியும்.

சாம்சன் சாக்கைப் பிரித்தார்.

மணிக்கட்டுப் பருமனில் இரண்டு கொம்புகள். நுனியில் சாணி அப்பியிருந்தது.

"இன்னாடா இது?"

"கட்டிங் சார். முருங்கை. கெளைய வெட்டி நட்டா கட்டிங்குன்னு வளர்மதி மேடம் கிளாஸ்ல சொன்னாங்களே."

"போத்துன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

புதன்கிழமைகளில் சாப்பாட்டுப் பாடம் எடுக்கும் வளர்மதி, ஓய்ந்த உடம்புக்கு முருங்கைக்கீரை வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். சாம்சன் அசையவில்லை. மூன்று வருடம் முன்னால் இங்கே முருங்கை நட்டவன் அதே வாரம் மறுபடி குடித்தான். 'வேதாளம் முருங்கைமரம் ஏறிடுச்சு' என்று இல்லமே சிரித்தது. அவன் போனவன் திரும்பவே இல்லை. செடியைப் பிடுங்கி எறிந்தவர் சாம்சன்.

"அதான் சார் ஒளிச்சேன்," என்றான் ஆல்பர்ட். "துளிர் வுட்டப்புறம் காட்டலாம்னு. முன்னாடியே சொன்னா, நானும் ஏறிட்டேன்னு சிரிப்பாங்க."

சாம்சன் பின்னால் வந்து நின்ற கோபாலைப் பார்த்தார்.

"நான் கேட்டது கட்டிங்தான் சார்," என்றான் கோபால், தரையைப் பார்த்தபடி.

"கடப்பாரை எடுத்துக்கினு வா. அப்டியே என் செருப்பையும்."

போர்செட்டுக்குப் பக்கத்தில் குழி பறித்தார்கள். ஆல்பர்ட் கொம்பை நிறுத்திப் பிடிக்க, செவ்வந்தி மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தாள். அவன் கை இப்போது நடுங்கவில்லை.

"நம்ம மரத்ததான் போன வருசம் போதையில வெட்டிட்டேனே," என்றான் மெதுவாக. "பக்கத்து வூட்லதானே கேட்டு வாங்குன? இன்னா சொன்னாங்க?"

அவள் இன்னும் இரண்டு மிதி மிதித்தாள்.

"யாராண்டயும் கேக்கல. அன்னிக்கு நீ வெட்டிப் போட்டுட்டுப் பட்த்துட்ட. ஒரு கெளைய இழுத்துக்கினு போயி ஐயங்கார்கொளத்துல எங்கம்மா வூட்டாண்ட நட்டேன். சொன்னா அதையும் வெட்டுவியோன்னு வாயத் தொறக்கல."

மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இது அதுல ஒடிச்சதுதான்யா. நம்ம மரம்."