ஏழு வண்டிக்கு இடம்

நாலரை மணிக்கே ரொட்டி ஆலையின் அடுப்புக் கதவு திறந்துவிடும். கொதிக்கக் கொதிக்க வருகிற ரொட்டிகளைப் பெட்டியில் அடுக்கி, மூடியைத் தட்டிச் சாத்தி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி வார் போட்டு இறுக்குவதற்குள் விரல் நுனியெல்லாம் சிவந்து போகும். அதன் பிறகு மலைச் சாலை. நெஞ்சில் பனிக்காற்று, முதுகில் ரொட்டிச் சூடு. முன்பக்கம் நடுங்கிக்கொண்டும் பின்பக்கம் வியர்த்துக்கொண்டும் ஓட்டுகிற பிழைப்பு அது.

அப்படி ஓட்டியவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவரைக் 'கண்ணளவு' என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, சாலை வைத்த பேர். முன்னால் லாரி போகிறது, எதிரே வண்டி வருகிறது, நடுவில் முந்திப் போக இடம் இருக்கிறதா இல்லையா என்று அவர் கண் சொன்னால் சொன்னதுதான். லாரியை ஒட்டிப் போக மாட்டார். ஒட்டினால் லாரியின் முதுகு தெரியுமே தவிர சாலை தெரியாது. மூன்று வண்டி நீளம் தள்ளி நின்று, முதலில் லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார். டிரைவர் முகம் அதில் தெரிய வேண்டும். அவர் முகம் நமக்குத் தெரியாவிட்டால் நாம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்புறம் எதிரே வருகிற வெளிச்சம். ஒற்றைப் பொட்டாகத் தெரிந்தால் தூரம், இரண்டாகப் பிரிந்துவிட்டால் கிட்டே வந்தாயிற்று. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முந்திப் போய்விடுவார், அவ்வளவு வேகம் அந்தக் கண்ணுக்கு.

அந்த ஏழு பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. இருவர் இருவராகச் சேர்ந்துதான் போவார்கள், ஏழு ஒற்றைப்படை என்பதால் ஒரு கூட்டம் மட்டும் மூன்றாகும். முன்னவர் அளந்து முந்துவார். பின்னால் வருகிறவர் தனியாக எட்டிப் பார்ப்பதில்லை. முன்னவர் வாலைப் பிடித்த மாதிரி அப்படியே போய்விடுவார். எட்டிப் பார்க்க நின்றால் கிடைத்த இடம் கைவிட்டுப் போகும். அதனால் முன்னவர் தனக்கு மட்டும் அளக்கக் கூடாது, பின்னவருக்கும் சேர்த்து அளக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். பதினோரு வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓடியது அந்தச் சட்டத்தால்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் முதலாளி ஒரு மணி நேர ஓட்டத்தை முக்கால் மணியாக்கினார். சாலை குட்டையாகவில்லை, கல் குவாரி லாரிகளும் குறையவில்லை. மலை மேலே இருக்கிற ஊர்க் கிடங்குக்கு முதலில் போய்ச் சேர்கிற வண்டிக்கு அன்றைய மதிய ஓட்டம் கிடையாது, கூலி குறையாமல் வீட்டுக்குப் போகலாம். கடைசியாகச் சேர்கிற வண்டிக்கு அரைநாள் கூலி வெட்டு. இவ்வளவுதான் அவர் செய்தது. மீதியை அவர்களே செய்துகொண்டார்கள். முன்னால் போகிறவன் நமக்கும் சேர்த்து அளக்கிறானா என்று பின்னால் வருகிறவருக்குச் சந்தேகம். நம்மைச் சந்தேகப்படுகிறானே என்று முன்னவருக்குக் கோபம். டீக்கடையில் சேர்ந்து நின்றவர்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

கண்ணளவின் ஜோடி அவருடைய தங்கை புருஷன். மாப்பிள்ளை என்று மரியாதை, ஆனால் பழக்கத்தில் தோழன். போன வாரம் மாப்பிள்ளை முன்னால் போன ஒரு நாள், கண்ணளவு பாதி முந்துகையில் எதிரே பேருந்து வந்துவிட்டது. பிரேக் போட்டு, லாரியின் புழுதியைக் குடித்துப் பின்வாங்கினார். ஏன் எனக்கும் சேர்த்து அளக்கவில்லை என்று மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதுதான் வினை.

திங்கட்கிழமை விடிகாலை கண்ணளவு முன்னால். குவாரி லாரி ஒன்று வளைவைத் தாண்டி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எதிரே வெளிச்சம், இன்னும் ஒற்றைப் பொட்டு, ஆனால் பிரியப் போகிற பொட்டு. ஒரு வண்டிக்கு இடம் உண்டு. இரண்டுக்கு இல்லை. அவர் கண்ணுக்கு அது தெரிந்தது. தெரிந்தே கைப்பிடியை முறுக்கினார். லாரியைத் தாண்டிய பிறகு பின்னால் இரும்பு தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி ஓடி வந்தபோது மாப்பிள்ளை சாலையோரச் சரளையில் கிடந்தார். ரொட்டிகள் சாலை முழுக்க ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

தொடை எலும்பும் தோள்பட்டையும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாப்பிள்ளை, மருந்து மயக்கத்தில் நாக்குக் குழற, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எடம் இருந்துச்சா மச்சான்?"

தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டார்.

அன்றே பதினோரு மணிக்கு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கண்ணளவு உள்ளே நுழைந்ததும் முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணளவுக்கு அப்போதே பகீரென்றது. பதினோரு வருஷமாக அந்த அறையில் அவர் நின்ற இடம் கதவோரக் கால்மிதி. டீயும் வந்தது. மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது, தங்கச்சி சாப்பிட்டதா என்றெல்லாம் விசாரிப்பு. ரொட்டி எத்தனை வீணாயிற்று என்று கேட்டுத் திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு காகிதம் வெளியே வந்தது. தட்டச்சு செய்து ரெடியாக இருந்தது. முன்னே சென்ற வாகனத்தைத் தொடர்ந்து, எதிரே வருவதைப் பாராமல், யாரும் சொல்லாமல் தானாகவே முந்த முயன்றார் என்று எழுதி, கீழே சாட்சி கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. கண்ணளவு இரண்டு தரம் படித்தார். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"உங்க மாப்பிள்ளை எதிர்ல பாத்தாரா, பாக்கலையா?" என்றார் முதலாளி.

"பாக்கலை."

"அப்ப கையெழுத்துப் போடுறதுல என்ன யோசனை?"

"போட்டா ஆஸ்பத்திரிச் செலவு?"

"தன் தப்புன்னா தன் செலவு. நான் வச்ச சட்டமா அது?" முதலாளி டீயை ஒரு வாய் உறிஞ்சினார். குரல் இன்னும் கொஞ்சம் கனிந்தது. "முன்னால போன வண்டி யாருதுன்னு இதுல நான் போடலை. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"உங்க நல்லதுக்குத்தான். நாளைக்கு ஓட்டம் முடிஞ்சதும் கொண்டாங்க."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது அது நெஞ்சில் குத்தியது. கையெழுத்துப் போட்டால் அவர் செய்தது புதைந்துவிடும், தங்கை குடும்பம் தெருவுக்கு வரும். போடாவிட்டால் அவர் பேர்தான் சந்தி சிரிக்கும்.

மதியம் மூன்று மணிக்கு, வண்டி கழுவுகிற குழாயடியில் மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். எல்லாவற்றிலும் வாடை பிடிக்கிற ஒருவனுக்கு 'மோப்பம்' என்று பேர். அவன்தான் ஆரம்பித்தான்.

"நாற்காலி போட்டாராமே அண்ணே? டீ வேற வந்துச்சாமே. சர்க்கரை தூக்கலா, மட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் ஒரே பெண்ணான 'ஹாரன்' அக்கா, அவள் குரலுக்கு வைத்த பேர் அது, துணியைப் பிழிந்துகொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணளவு காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள், அதைத் தணிந்த குரலில் படித்து முடித்தாள்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார் கண்ணளவு. "ஒரு வண்டிக்குத்தான் எடம் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன்."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோப்பம் பாயப் போகிறான் என்று எதிர்பார்த்து நின்றார். அவனோ குனிந்து குழாயை மூடினான்.

"போன புதன்கிழமை நானும் அதைத்தான் செஞ்சேன்," என்றான். "எனக்குப் பின்னால வந்தது அக்கா. தப்பிச்சிருச்சு."

"தெரியும்டா," என்றாள் ஹாரன். "அன்னிக்கே உன் கழுத்தைப் பிடிச்சிருப்பேன். மறுநாளே நானும் இன்னொருத்தனுக்கு அதைச் செஞ்சுட்டேன், அதான் வாயைத் தொறக்கலை."

மீதி மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். பார்த்த விதத்திலேயே விஷயம் தெரிந்துபோயிற்று. ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு வளைவு. இத்தனை நாளும் அடுத்தவன் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தவர்கள், தங்களை இந்தச் சாலையில் விரட்டிவிட்டது யார் என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசினார்கள். பேச்சு நீண்டது. வேலையை நிறுத்தலாம் என்றான் ஒருவன். வாசலில் வேறு ஆறு பேர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள் என்றான் மற்றொருவன். கடைசியில் ஹாரன்தான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"வேலையை எதுக்கு நிறுத்தணும்? ஒழுங்கா செய்வோம். ஒருத்தருக்கு எடம் இருந்தா முந்துறதில்லை. எல்லாருக்கும் இருந்தாத்தான். வரிசையா போவோம். என்ன நேரம் ஆகுதோ ஆகட்டும்."

காகிதத்தின் பின்பக்கத்தில் அவர்களே எழுதினார்கள். நேரத்தைக் குறைத்ததால் இடம் போதாமல் முந்தினோம், இன்னாருக்கு முன்னால் போனது இன்னார் என்று எல்லாருடைய ஜோடியும் எழுதப்பட்டது. பழைய ஒரு மணி நேரம் வேண்டும், முதலில் வந்தவனுக்குச் சலுகை வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு ஆலையுடையது. முதல் கையெழுத்து கண்ணளவுடையது. முழுப் பேரையும் போட்டார். அடியில் மற்ற ஐந்தும் விழுந்தன.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், தங்கையும் பக்கத்தில் நிற்க, காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். "இல்லை மாப்ளை. உனக்கு எடம் இல்லை."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்தார். குழாயடியில் நடந்ததையும் கண்ணளவு சொன்னார். கேட்டு முடித்த பிறகு மாப்பிள்ளை முனகினார். "நாளைக்கு எனக்கும் சேத்து அள மச்சான்."

மறுநாள் விடிகாலை ஆறு வண்டிகள் வரிசையாக ஏறின. முன்னால் கண்ணளவு, சட்டைப் பையில் அந்தக் காகிதம். ஒரு குவாரி லாரிக்குப் பின்னால் மூன்று வண்டி நீளம் தள்ளி ஊர்ந்தார்கள். ஒரு வண்டிக்கு இடம் வந்தது, விட்டார். இரண்டு வண்டிக்கு வந்தது, அதையும் விட்டார். காதெல்லாம் பின்னாலேயே இருந்தது. யார் முதலில் பிய்த்துக்கொண்டு போவார்கள்? திடீரென்று மோப்பத்தின் வண்டி உறுமியது. வரிசையை விட்டு விலகி, முன்னேறி, கண்ணளவுக்குப் பக்கத்தில் வந்தது.

"கடைசில முதலாளி கார் வருது அண்ணே," என்றான் மோப்பம். "குழாயடிப் பேச்சு காதுக்கு எட்டியிருக்கும். நாம என்ன செய்யுறோம்னு பாக்க வந்திருக்காரு. அதைச் சொல்லத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்துத் தன் இடத்துக்கே போய்ச் சேர்ந்தான்.

கண்ணாடியில் பார்த்தார். ஆறு வண்டிக்கும் பின்னால் அந்தக் கார் மூக்கை வெளியே நீட்டும், எதிர் வெளிச்சத்தைக் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபடி நீட்டும். காரின் ஹாரன் அலறியது. பதிலுக்கு நம் ஹாரன் அக்கா ஒருமுறை கூவினாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது, ரொம்ப நாளைக்கப்புறம்.

முக்கால் மணி எப்போதோ கடந்துவிட்டது. கிடங்குக் கதவு திறக்குமா, நாளைக்கு வேலை இருக்குமா, ஒன்றும் தெரியாது. அடுத்த வளைவில் ஆறு வண்டிக்கு இடம் வந்தது. எதிரே பொட்டு தூரத்தில்தான் இருந்தது. பின்னால் வருகிறவர்கள் கைப்பிடியை இறுக்குவது அவருக்குத் தெரிந்தது. கையைத் தாழ்த்தி அவர்களைப் பொறுக்கச் சொன்னார். இன்னும் ஒரு வண்டிக்கு வேண்டும், மாப்பிள்ளையின் வண்டிக்கு.

வளைவு முடிந்து சாலை நேரானது. லாரிக் கண்ணாடியில் டிரைவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. எதிரே வெளிச்சமே இல்லை, வெளுக்கிற வானம் மட்டும். கண்ணளவு ஏழு வண்டிக்கு அளந்து பார்த்தார். இருந்தது. கையை உயர்த்தினார்.