விடவா?

இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் இடது ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் டீச்சர் வண்டியைக் கிளப்பினாள். இன்ஸ்பெக்டர் என்பது நாய். எதைக் கண்டாலும் மூக்கை நுழைத்துச் சோதனை போடும் என்பதால் அவள் கணவர் வைத்த பெயர் அது. அவர் லிஃப்ட் மெக்கானிக். போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. டீச்சருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் "கிளட்ச்ச மெதுவா விடு" என்பார்கள். அவர் "கால மெதுவா எடு" என்பார்.

யோசித்துப் பார்த்தால், பல வருஷமாக அந்த மனுஷன் வாயிலிருந்து 'விடு' என்ற சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. சண்டை வந்தால் ஊர் உலகத்தில் எல்லோரும் "சரி, விடு" என்று முடிப்பார்கள். இவர் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். பந்தைக் கவ்விய நாயிடம்கூட "குடு" என்றுதான் சொல்வார். அழுத்தக்காரர், எதையும் விடத் தெரியாதவர் என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தாள். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள். வழிமுறை எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று பிள்ளைகளை மிரட்டியவள், புருஷன் விஷயத்தில் விடையை மட்டும் பார்த்து டிக் போட்டிருந்தாள்.

முதலில் நாத்தனார் வீடு. பிறகு அவர் வேலை பார்த்த கம்பெனி. டிக்கியில் அவருடைய ஸ்பேனர் பெட்டி இருந்தது, கூட வேலை செய்தவர்கள் யாராவது வைத்துக்கொள்ளட்டும். நாத்தனாரோடு பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம், சாவுக்கு வந்தபோதும் பேசிக்கொள்ளவில்லை. குடும்பப் போட்டோவில் நாத்தனார் டீச்சரை ஓரத்தில் நிற்க வைத்துவிட்டாள் என்பதுதான் விவகாரம், சொன்னால் சிரிப்பார்கள். அவர் மட்டும் பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்குப் போய்வந்தார். இன்ஸ்பெக்டர் வந்த இந்த ஆறு வருஷமாக அதுவும் கூடவே போகும். எப்படி இருக்கிறாள் என்று டீச்சர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நாத்தனார் கேட்டைத் திறந்தாள், அண்ணியைப் பார்த்துக் கண் கலங்கினாள், நாயைப் பார்த்துக் கேட்டைச் சாத்தினாள்.

"அய்யோ அண்ணி, அதப் பிடிங்க! நாய்னாலே எனக்கு உயிர் போயிடும்!"

இன்ஸ்பெக்டரும் அவளைப் பார்த்து அந்நியர்களிடம் குரைக்கும் குரலில் குரைத்தது.

"இது வாரா வாரம் இங்க வர நாய்தானே?" என்றாள் டீச்சர்.

"எது? இதுவா? இது எங்க வாசப்படிய மிதிச்சதே இல்லயே அண்ணி. அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாலே பெரிசு. கேட்டா, அண்ணி அனுப்ப மாட்டேங்கறான்னு சொல்வாரு."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பியைக் குடித்தாளா, என்ன பேசினாள் என்பதெல்லாம் பிறகு நினைவில்லை. போட்டோ விவகாரத்துக்கு இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள் என்று மட்டும் ஞாபகம். வண்டிக்குத் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பதினோரு வருஷச் சனிக்கிழமைகள். எங்கே போனார்? யாரிடம் போனார்? அறுபத்திரண்டு வயதில், செத்துப்போன புருஷனைச் சந்தேகப்படும் கேவலம் தனக்கு வந்து சேர்ந்ததே என்று அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

கம்பெனிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய நாற்சந்தியில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றது. இடது கண்ணாடியைப் பிறாண்டியது. முனகியது. அவள் வலது இண்டிகேட்டரைப் போட்டதும் தோளில் கால் வைத்து ஏறாத குறையாகக் கத்தியது. பின்னால் ஹாரன் சத்தம். இடது பக்கம் திருப்பினாள். நாய் உட்கார்ந்தது.

அடுத்த கால் மணி நேரம் அதுதான் வழி சொன்னது. தப்பாகத் திரும்பினால் முனகல், சரியாகத் திரும்பினால் மௌனம். கடைசியில் ஒரு சைக்கிள் கடையைத் தாண்டி, கார் நுழையக் கஷ்டப்படும் சந்தில், பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன்னால் துள்ளிக் குதித்தது. வாசல் படிகளின் மேல் இரும்புத் தகட்டில் ஒரு சரிவு அமைத்திருந்தார்கள், சக்கர நாற்காலி இறங்குவதற்கு. ஓரத்தில் பற்றவைத்த கை யாருடையது என்று டீச்சருக்குத் தெரிந்தது. அவள் வீட்டு மாடிக் கதவிலும் அதே கைதான்.

கதவைத் திறந்தவள் அவள் வயதுப் பெண். எங்கோ பார்த்த முகம். "வந்துட்டியாடா இன்ஸ்பெக்டரு! எங்கடா போன இத்தன நாளா?" என்று குனிந்தாள். நாய் அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தது.

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல். "வந்துட்டானா? வண்டிய நிறுத்திட்டு வரானா?"

அந்தக் குரல் டீச்சருக்குத் தெரியும். நெட்டை. கணவரோடு ஜோடியாக வேலை செய்தவர். அவள் வீட்டு நிலையில் தலை இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் உள்ளே வராதவர். வேலையில் அஜாக்கிரதையாக இருந்து அடிபட்டுக்கொண்டார், மகளோடு வெளிநாடு போய்விட்டார், அந்தப் பேச்சை எடுக்காதே என்று கணவர் சொல்லியிருந்தார். வெளிநாடு போனதாகச் சொன்ன ஆள் இதோ கட்டிலில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. பிடித்து எழுவதற்குத் தலைக்கு மேலே லிஃப்ட் கயிற்றில் ஒரு கைப்பிடி தொங்கியது.

"தங்கச்சியா! அவன் எங்க? போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது. கோவமா?"

இவர்களுக்குத் தெரியாது. யாருமே சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? அந்தப் போனை அணைத்து அலமாரியில் வைத்தவளே அவள்தான்.

"என்ன கோவம்ணா?" என்றாள், வேறு எதுவும் வாயில் வராமல்.

"கடைசியா வந்த சனிக்கிழமை நான்தான் வாயக் கொடுத்துட்டேன். பதினோரு வருஷமா வந்து குளிப்பாட்டுற, முகம் வழிக்கிற. போதும்டா, அன்னிக்கு நடந்தத விட்டுடுன்னேன். பாதி ஷேவிங்ல எந்திரிச்சுப் போயிட்டான்."

"அன்னிக்கு என்ன நடந்தது?"

நெட்டை மனைவியைப் பார்த்தார். பிறகு இவளை. "உன்கிட்ட சொல்லலயா?"

மெல்லச் சொன்னார். "நான் கீழ, லிஃப்ட் இறங்குற பள்ளத்துல. அவன் மேல, மெஷின் ரூம்ல. பிரேக் அவன் கையில. 'விடவா'ன்னு கேப்பான், நான் 'விடு'ன்னா லிஃப்ட்ட இறக்குவான். அன்னிக்கு நான் 'விடாத'ன்னுதான் கத்தினேன். ஜெனரேட்டர் சத்தம். கடைசி எழுத்து கேக்காம, அவன் 'விடுடா'ன்னு எடுத்துக்கிட்டான்."

அவர் மனைவி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"விசாரணையில, நான்தான் 'விடு'ன்னு சொன்னேன்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டு வீட்டு அடுப்பும் எதுக்கு அணையணும்? அதுதான் அவனால தாங்க முடியல."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால மெதுவா எடு. பந்தக் குடு. மாடிப்படி ஏறும் காலடிச் சத்தம். வழிமுறை முழுக்க இப்போதுதான் கண்ணில் படுகிறது, கேட்க ஆளில்லை. பக்கத்திலேயே படுத்துக்கிடந்தும் தெரியாமல் இருந்திருக்கிறேனே. ஆனால் கட்டிலில் இருப்பவர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் முடியாது.

"அண்ணா, அவர் கோவிச்சுக்கல. அவர் இல்ல. நாலு மாசம் ஆச்சு. ஒரு செவ்வாக்கிழமை காலைல..."

நெட்டையின் கை மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. இழுத்தார். உடம்பு பாதிதான் எழுந்தது. "நான் சொன்னதுக்கு அடுத்த செவ்வாயா?"

கணக்கு டீச்சர் பொய் சொல்லியிருக்கலாம். தலையசைத்துவிட்டாள்.

"விட்டுடுன்னு சொன்னேன்" என்றார் அவர். "நான்தான் சொன்னேன், விட்டுடுன்னு."

'அப்படி இல்லண்ணா, விடுங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். தொண்டைவரை வந்த அந்தச் சொல் அங்கேயே நின்றது. இனி அவளாலும் சொல்ல முடியாது.

கட்டிலுக்கு அடியில் சரசரப்புக் கேட்டது. இன்ஸ்பெக்டர் எதையோ கவ்வி இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பழைய ரப்பர் செருப்பு, டீச்சரின் கணவருடையது. குளிப்பாட்டும்போது போட்டுக்கொள்ள இங்கேயே வைத்திருந்தாராம். நெட்டை கைப்பிடியிலிருந்து கையை எடுத்து நாயின் பக்கம் நீட்டினார். விரல்கள் செருப்பைத் தொட்டன.

"விடுடா" என்றார். "இன்ஸ்பெக்டரு, விடு."

அந்தச் சொல்லை அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து மெதுவாக வாலை ஆட்டியது. பிறகு செருப்பை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டு போய், வாசலைப் பார்த்து உட்கார்ந்தது.