இடது கால் மட்டும்

ஷூக்கள் மீது அமெரிக்கா போட்ட வரியைக் குறைக்க டெல்லியில் பேச்சுவார்த்தை நடந்தது. அது முடியும்வரை தொழிலாளர்கள் வரும் ஆலங்காயத்துக்குக் கம்பெனி பஸ் ஓடாது என்று ஆம்பூர் ஷூ கம்பெனி மேனேஜர் ஜெயப்பிரகாஷ் அறிவித்தார்.

"பஸ் இல்லாட்டி நான் எப்டி சார் வேலைக்கு வர்றது?" என்றாள் தையல்காரி செண்பகம்.

"நாம விட்டுக்குடுத்தாதாம்மா அமெரிக்காக்காரங்களும் வரிய விட்டுக்குடுப்பாங்க."

"போன மாசம் டீ டைம விட்டோம். அவங்க இன்னா குடுத்தாங்க?"

"நல்ல மனசக் காட்டணும்மா."

"எங்க மனசயே எத்தினி வாட்டி காட்றது? உங்க கார நிறுத்துங்களேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, அன்று மாலை கப்பலுக்குப் போகவேண்டிய ஷூக்களில் இடது கால்களை மட்டும் தைத்து அடுக்கிவிட்டு, செண்பகமும் அவள் வரிசைப் பெண்களும் மிஷினை அணைத்தார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். "வலது எங்க?"

"நாங்க பாதி குடுத்துட்டோம் சார். பஸ்ஸ வுடுங்க, தைக்கிறோம்."