அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது

...கம்ப்யூட்டர் அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்கிறது, அதுவரை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த விரல்கள் இங்கே வந்து நின்றுவிட்டன, உண்மையான தேதியைத்தான் முதலில் போட்டாள், போட்டதும் திரை மரியாதையாகச் சொல்லிவிட்டது, இவர் வயதுவந்தவர், இவர் சம்மதமில்லாமல் எதையும் பூட்ட முடியாது என்று... ஒரு பெட்டிக்கு இருக்கிற நாகரிகம். தம்பி போனில் எவ்வளவு சுலபமாகச் சொன்னான், "அக்கா, பிள்ளைங்களுக்குன்னு ஒரு பூட்டு இருக்கு, என் பொண்ணுக்கு அதைத்தான் போட்டிருக்கேன், அப்பாவுக்கும் போட்டுவிடு, வயசை மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடு." வயசை மட்டுமாம்! காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற மாதிரி. அவனுக்கென்ன, தூரத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வான், கையில் அழுக்குப்படுவது இவளுக்கு. அப்பா முடிவெட்டப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் முடித்தாக வேண்டும், நல்லவேளை, சலூன்காரர் கத்தரியை விட வாயை அதிகம் ஓட்டுகிறவர்... ஆண்டு என்ற கட்டத்தை உருட்டுகிறாள், அவள் பிறந்த ஆண்டு கடந்து போகிறது, கல்யாணம் ஆன ஆண்டு போகிறது, கல்யாணம் முறிந்து இந்த வீட்டுக்கே திரும்பி வந்த ஆண்டு, இன்னும் கீழே, இன்னும்... பன்னிரண்டு வயது கிடைக்கிற இடத்தில் நிறுத்தினாள். பெயர் என்று கேட்ட இடத்தில் வேறெதுவும் தோன்றாமல் அப்பா என்றே அடித்தாள். பெற்றோர் என்ற இடத்தில் தன் பெயரும் தன் போன் எண்ணும். சிரிப்பு வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

வேறு என்ன செய்திருக்க முடியும்? போன மாதம் ஒருநாள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அப்பா அப்பா என்று தட்டினால் பதிலில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தோளால் இடித்துத் திறந்தபோது அவர் சுவரோரம் சுருண்டு கிடந்தார்... ஆஸ்பத்திரியில் டாக்டர், சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாரா என்று கேட்டார், இவள் எவ்வளவு திமிராகப் பதில் சொன்னாள், "டாக்டர், நான் மருந்துக் கடையிலதான் வேலை பாக்கறேன், நானே எடுத்து வைக்கிறேன்." எடுத்து வைத்தாள், சரி, விழுங்கினாரா என்று பார்த்தாளா? வீட்டுக்கு வந்து அலமாரியைத் துழாவினால் பழைய காலுறைக்குள் மாத்திரைகள், பட்டாணி மாதிரி. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், கம்பியைத் தன் கையால் தடவிப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதவர், கம்ப்யூட்டரில் வருகிற எவனோ ஒருவன் மாத்திரை எல்லாம் விஷம், விதைப்பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிங்க என்று சொன்னதை எப்படி நம்பினார்? எடுத்துச் சொன்னாள், கெஞ்சினாள், கத்தினாள்கூட. "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார், மறுநாள் சாயங்காலம் அவர் அறையிலிருந்து மறுபடி அதே குரல்.

எதைப் பூட்டுவது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்த ஆளின் வீடியோக்களில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். நல்ல வெள்ளைச் சட்டை, தேன் தடவின குரல். "வாங்கய்யா, உக்காருங்க. சாப்டீங்களா? முழங்கால் வலி இன்னைக்கு எப்படி இருக்கு?" கேட்டுவிட்டு ஆள் பேசாமல் இருக்கிறான், பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி, கண்ணை நேராக வைத்துக்கொண்டு... கைகாரன். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, சமையலறையில் நிற்கும்போது அப்பா யாரிடமோ "இன்னைக்குப் பரவாயில்லங்க" என்று சொல்வது காதில் விழுந்திருக்கிறது, பழைய சிநேகிதர் யாரோ போனில் என்று நினைத்து வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடையில் அவள் எத்தனை பொறுமைசாலி, காது கேளாத கிழவருக்குக்கூட, ஐயா இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி, எங்கே ஒரு தடவை திரும்பச் சொல்லுங்க... முதலாளியே சொல்வார், உன் வாய்க்காகத்தான் இந்தக் கடைக்கு ஆள் வருது என்று. அந்த வாய் வீட்டுக்கு வரும்போது காலியாகிவிடுகிறது. செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு "சாப்டாச்சா", பதிலைக் கேட்க நிற்பதில்லை, என்ன பதில் வந்துவிடப்போகிறது... ஆனாலும் அவன் அவரைக் கொல்லப் பார்த்தவன், அது மட்டும் உண்மை, அதை விடக்கூடாது. தடை செய் என்பதை அழுத்தினாள். உறுதியாகவா என்று கேட்டது. உறுதியாக.

வாசல் கதவு. இவ்வளவு சீக்கிரமா? கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிக்கொண்டே வந்தார், காதோரம் ஒட்ட வெட்டி, தலை சிறுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்ட பிள்ளை மாதிரி... சீ, என்ன நினைப்பு இது.

"என்னம்மா, அதுக்கு ஏதாவது கோளாறா?"

"இல்லப்பா, ரொம்ப மெதுவா இருந்துச்சு. கொஞ்சம் சரி பண்ணேன்."

"அடடா, லீவு நாள்ல உனக்கு இது ஒரு வேலையா? நல்லா இரு. டீ போடட்டுமா?"

நல்லா இரு என்கிறார். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு விளக்கும் பிடிக்கிறவர். டீ வேண்டாம் என்று சொல்ல நினைத்து, போடுங்கப்பா என்றாள், அவர் போட்டார், சர்க்கரை இல்லாமல் தனக்கு, ஒரு கரண்டி கூடவே போட்டு இவளுக்கு. குடித்து முடித்து வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவள் துணி மடிக்கிற சாக்கில் அறை வாசலிலேயே நின்றாள், போய்விடலாம், கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு... கால் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதைப் பார்க்க... உன் பெற்றோரிடம்... அனுமதி கேள்." நிறுத்தி மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை வாய்க்குள். பிறகு முதுகு லேசாகக் குலுங்கியது. "பாத்தியாம்மா கூத்தை, எங்கப்பா அம்மாவைக் கேக்கணுமாம். அதுக ரெண்டும் மண்ணாகி எவ்வளவோ காலமாச்சு, எங்க போய்க் கேக்கறது?"

இவளும் சிரித்தாள், சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது, மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள். சொல்லிவிடு, இப்போதே, நான்தான்பா என்று... அடுத்த துண்டை எடுத்தாள். அவர் அதற்குள் எதையோ ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, பிறகு டக்கென்று ஒரு அழுத்து. இவள் இடுப்பருகே பையில் போன் அதிர்ந்து கிண்ணென்று சத்தமிட்டது. எடுத்துப் பார்த்தாள். அப்பா உங்களிடம் அனுமதி கேட்கிறார். காரணம்: சும்மா, பேச்சுத் துணைக்கு. கீழே இரண்டே பொத்தான்கள், கொடு, மறு.

"உன் போன் அடிக்குது பாரும்மா," என்றார் அப்பா, திரும்பாமலே.

கோபமிருந்தால் பரவாயில்லை, குத்தலிருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம், குரலைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், எதுவும் பிடிபடவில்லை... தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் குரலை வைத்தே வலி எங்கே என்று கண்டுபிடிக்கிறவளுக்கு இந்த ஒரு குரல் புரியவில்லை, எத்தனை நாளாகப் புரியாமல் இருந்தது என்பதும் தெரியவில்லை. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.