வெள்ளையம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி

நாலாவது மனுவையும் வாங்கி மேசையில் போட்டுவிட்டு, "பார்க்கலாம்மா" என்றான் அறிவுச்செல்வன். வெள்ளையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குப்பா வாங்கற? பஜ்ஜி மடிக்கவா?"

அவன் மேம்பால வேலைக்கு சூப்பர்வைசர். ஏசி போட்ட தகரப் பெட்டிதான் ஆபீஸ். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில், அவள் ஊர்க் கூட்டுரோட்டில் ஆறு மாதமாக அது நிற்கிறது. பாலத்துக்காகப் பெரிய ரோட்டை மூடி, லாரியையும் பஸ்ஸையும் சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டார்கள். திருப்பிவிட்டதோடு சரி. தடுப்பு இல்லை, வேகத்தடை இல்லை, கொடி பிடித்து நிற்க ஓர் ஆள்கூட இல்லை. இரண்டு மாதம் முன்பு அவள் புருஷன் தேவநாதன் லாரிக்கு ஒதுங்கப்போய்ப் பள்ளத்தில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து இன்னும் கட்டிலோடு கிடக்கிறார்.

இப்போது அவள் பயமெல்லாம் மகள் அஸ்வினியைப் பற்றித்தான். பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். தினம் இரண்டு வேளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த ரோட்டைத்தான் தாண்ட வேண்டும். சாயங்காலம் நாலே காலுக்கு அவள் தலை தெரிகிறவரை மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க வெள்ளையம்மாளுக்குக் கை ஓடாது.

"மேல அனுப்பிக்கினுதான் இருக்கோம்" என்றான் அறிவுச்செல்வன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுவரைக்கும் இங்க உசுருன்னு ஒண்ணும் போகலியேம்மா. போயிருந்தா ஜல்தியா முடிச்சிக் குடுத்திருப்பாங்க."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! வெள்ளையம்மாள் வெளியே வந்து திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள்.

பேனர் அடிக்கிற யூசுப் அலி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். "கண்ணீர் அஞ்சலியா? யாரும்மா தவறிட்டாங்க?"

"நான்தான் பாய்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்மா. அபசகுனம். பின்னால பேஜாராப் பூடும்."

"இதுக்கு மேல என்னா அபசகுனம் பாய்? நீங்க அடிங்க."

எட்டடி பேனர். நடுவில் மாலை போட்ட மாதிரி அவள் படம். தோற்றம் என்ற இடத்தில் அவள் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில், 'தேதியைப் பாலம் கட்டுகிறவர்கள் அறிவிப்பார்கள்.' அடியில், 'இவண்: தினமும் இந்த ரோட்டைத் தாண்டுகிறவர்கள்.'

மறுநாள் அஸ்வினி பள்ளிக்கூடம் போனபிறகு, தகரப் பெட்டிக்கு எதிரிலேயே அதைக் கட்டினாள். ஒரு மணி நேரம் ஆகவில்லை, காணை ஊரில் வாக்கப்பட்ட அவள் தங்கச்சி போன் போட்டாள். எடுத்ததுமே ஒப்பாரி.

"ஏண்டி, நான்தான் பேசறேன். கீழ எழுதியிருக்கறத படிக்கலியா?"

யார் படிப்பார்கள்? கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்தும் மாலை போட்ட முகமும் தெரிந்தால் போதும், நம் ஜனங்கள் அதற்குமேல் ஓர் எழுத்துப் பார்க்க மாட்டார்கள். மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். எவனோ படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். மதியத்துக்குள் இரண்டு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். உயிரோடு நின்றவளைப் பார்த்துத் திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அந்த ரோட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்கள். வெள்ளையம்மாளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. தகரப் பெட்டியின் ஜன்னலில் அறிவுச்செல்வன் முகம் இரண்டு தரம் வந்து போனது.

காணை வரைக்கும் போன சேதி அரை மைலில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகாதா? அதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

மூன்று மணி இருக்கும். "அம்மா!" என்று ஓர் அலறல் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அஸ்வினி. பையில்லை, காலில் செருப்பில்லை. பேனரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் சைக்கிளோடு ரோட்டில் இறங்கிவிட்டாள்.

"வராத! அங்கியே நில்லுடி!"

ஜல்லி லாரி பிரேக் போட்ட சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சைக்கிள் முன்சக்கரத்துக்கு அடியில் போனது. பெண் ஒரு முழம் தள்ளி மண்ணில் விழுந்து கிடந்தாள். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஒரு முழம்தான். ஓடிவந்து தூக்கிய அம்மாவை அவள் இரண்டு கையாலும் அடித்தாள்.

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்கம்மா. ஏம்மா இப்டி பண்ண?"

வெள்ளையம்மாள் மகளை, காணையிலிருந்து வேனில் வந்திருந்த தங்கச்சியிடம் கொடுத்தாள். நசுங்கிய சைக்கிளை இழுத்துக்கொண்டுபோய் நடுரோட்டில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். வேனில் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். லாரிகள் திண்டிவனம் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றன.

இப்போது அறிவுச்செல்வன் வெளியே வந்தான். பத்தே நிமிடத்தில் தகரப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சிவப்புத் தடுப்புகளை ஆட்கள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். புத்தம் புதுசு. சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. ஆறு மாதமாக அங்கேதான் கிடந்திருக்கின்றன.

அவன் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னான். "பேனர் வெச்சதாலதாம்மா இது. உங்க பொண்ணு லாரியில அடிபட இருந்ததுக்கு நீங்கதான் காரணம்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் வெள்ளையம்மாள். "என் தப்புதான். பெத்த பொண்ணுகிட்ட சொல்லாம வெச்சேன். இத்தினி பேருக்கு முன்னால ஒத்துக்கறேன், எழுதியும் குடுக்கறேன். இப்ப உன் தப்ப நீ சொல்லு."

அறிவுச்செல்வன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அது அடிக்கவேயில்லை.

"சொல்லுய்யா" என்றாள். "அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."