ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பாட்டில்

குடிக்கிறவன் வீட்டில் பாட்டில் இருந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். குடியை விட்டவன் வீட்டில் நான்கு பாட்டில் இருந்து, நான்கும் நிறைந்திருந்தால் தெருவுக்கே தூக்கம் போய்விடும். விம்கோ நகரில் செல்வநாதன் விஷயம் அப்படித்தான் ஆயிற்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மொடாக்குடியனாக இருந்து, இரண்டாயிரமாவது வருஷம் ஈஸ்டரோடு நிறுத்தினான். நிறுத்திய சில மாதங்களில் பழைய விஸ்கி பாட்டில்களாகத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தான். பூனை மீன் வளர்க்கிறது என்று தெருக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு வேறென்ன வேலை.

ஆரம்பித்து வைத்தது பழைய வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலியின் காயலான் கடை. மின்விசிறிக்கு மோட்டார் தேடிப் போனவன் கண்ணில், யாரோ ஒரு கப்பல் கேப்டனின் வீட்டைக் காலி செய்து வந்த சாமான்களுக்கு நடுவே, சீல் உடையாத ஸ்காட்ச் பாட்டில் ஒன்று பட்டது. லேபிளில் 1958 என்று இருந்தது. அவன் பிறந்த வருஷம். பீப்பாயில் கிடக்கும்வரைதான் இதற்கு வயசு ஏறும், பாட்டிலில் அடைத்த நாளோடு வயசு நின்றுவிடும் என்று, வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத சௌக்கத் அலி விளக்கினார். சீல் உடையக் கூடாது, உள்ளே மட்டம் இறங்கக் கூடாது, அப்போதுதான் மதிப்பாம்.

செல்வநாதனைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. இத்தனை வருஷத்தில் இது எத்தனை கை மாறியிருக்கும், ஒருவர்கூடத் திறக்கவில்லையே என்று நினைத்தான். அவனால் ஒரு குவார்ட்டரைக் கடையிலிருந்து வீடுவரை முழுசாகக் கொண்டுவர முடிந்ததில்லை. முகம் தெரியாத அந்த மனிதர்கள்மேல் அவனுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. தானும் அவர்களில் ஒருவனாக ஆசைப்பட்டான்.

அவன் மனைவி தேவப்பிரியம் முதலில் வீட்டை இரண்டாக்கினாள். ஒரு சொட்டு உள்ளே போனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் ஆயுசுக்கும் திரும்ப மாட்டேன் என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முன்பெல்லாம் கடை வாசலில் கிடந்த அதே நேரத்தில், அவன் வீட்டில் உட்கார்ந்து காய்ந்த துணியால் பாட்டில்களைத் துடைப்பதையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதையும் பார்த்துப் பார்த்து அவள் மனசு இளகிவிட்டது. ஷோகேஸில் பீங்கான் கோப்பைகளை நகர்த்தி இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் வருஷம் மே மாதம் அவள் அண்ணன் குடும்பம் லீவுக்கு வந்தது. அண்ணன் கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று, நான்கு பாட்டில்களையும் பீரோவின் அடித்தட்டில் புடவை அடுக்கின்மேல் படுக்கவைத்து மூடினாள். அவர்கள் போன பிறகும் அங்கேயே இருந்தன. அவனும் கேட்கவில்லை. இருப்பது தெரிந்தால் போதும் என்றிருந்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் துணி எடுக்கப் பீரோவைத் திறந்தவள் குப்பென்று வந்த வாடையில் நின்றுவிட்டாள். ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பாட்டிலை எடுத்து நிமிர்த்தினாள். கழுத்துவரை இருந்த சரக்கு லேபிளுக்குக் கீழே இறங்கியிருந்தது. சீல் அப்படியேதான் இருந்தது. ஆனால் எதையும் கழற்றி மாட்டத் தெரிந்த கைக்கு ஒரு சீலைப் பிரித்து ஒட்டுவது பெரிய காரியமா? அவள் அழவில்லை. பையை எடுத்து நடுவீட்டில் வைத்தாள்.

மகன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் செல்வநாதன் ஷிப்ட் முடிந்து வந்தான். பையைப் பார்த்தான்.

"நீ குட்ச்சிகீற. நானே பாத்துட்டேன்."

"நான் தொடல பிரியம்."

குடித்த காலத்திலும் இதே வார்த்தையைத்தான் சொல்லுவான். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததை எதைக் காட்டி நிரூபிப்பது?

அவள் உள்ளே போய்ப் புடவைகளை எடுக்க ஆரம்பித்தாள். மேலே இருந்தவை ஈரமாக இருந்தன. அடியில் கிடந்த கல்யாணப் புடவையிலும் ஊறி இறங்கி, காய்ந்து விறைத்த பெரிய கறை. பாட்டிலை எடுத்து முன்பு கிடந்த மாதிரியே படுக்கவைத்துப் பார்த்தாள். அதன் வாய் கறைக்கு நேராக இருந்தது. சீலின் ஓரத்தில் மெல்ல ஒரு சொட்டு கட்டி நின்றது. படுக்கவைத்தால் சரக்கு கார்க்கைத் தின்றுவிடும் என்று இருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. மற்ற மூன்றும் திருகுமூடி போட்டவை, ஒழுகவில்லை.

புடவையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"நீ குடிக்கலய்யா. இங்க பாரு, அல்லாம் பொடவையில கீது."

அவன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"கிட்ட எட்த்துனு வராத பிரியம். மூடிகினு இருந்தாத்தான் எனக்கு அது பாட்டிலு. வாசன வந்துச்சின்னா சாராயம். எட்த்துனு போய்டு."

அவன் இத்தனை நாளும் எவ்வளவு பயத்தோடு இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புடவைகளையும் பாட்டிலையும் வாளியில் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை போனாள். நாற்பத்தைந்து வருஷம் யாரும் திறக்காததைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தாள். கைப்பம்பில் புடவைகளை அலசினாள். தெரு வேடிக்கை பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கையைக் கழுவி முகர்ந்து பார்த்தாள். திருப்தியில்லை. இன்னொரு தடவை தேய்த்தாள். முழங்கைவரை தேய்த்து, மறுபடியும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒன் வருசத்து பாட்டில கவுத்துட்டேன்யா."

"போவட்டும்."

அவள் கையை எடுத்து அவன் தன் முகத்தோடு வைத்துக்கொண்டான். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.